பல்லில் விழுந்த வெள்ளைப் புள்ளி: கொலராடோ முதல் கிண்டி வரை

தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஆட்களை வெளியூரில் அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சிரிக்க வைத்துப் பார்க்கணும். எல்லோருக்கும் இல்லை. ஆனால் பலருக்கு மேல்வரிசை முன்பற்களில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள் இருக்கும். சிலருக்குக் குறுக்கே கோடு கோடாக. சிலருக்கு அதன் மேல் பழுப்பு ஏறி, காவி பூசியது போல. இன்னும் சிலர் வாயைத் திறந்து சிரிக்கவே மாட்டார்கள். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்கு முன்னால் போய்விடும். கல்யாண ஆல்பத்தில் உதட்டை மூடியே நிற்கிற மாப்பிள்ளை, பெண்ணை எங்கள் ஊர்ப்பக்கம் நிறையப் பார்க்கலாம்.

இதற்கு ஊரில் சொல்லப்படும் காரணங்கள் பல. ஒழுங்காகப் பல் தேய்க்கவில்லை, சின்ன வயதில் மண் தின்றான், பரம்பரை, வெற்றிலை, டீ. தேய்க்காததுதான் காரணம் என்று நம்பி செங்கல் தூள், சாம்பல், உப்பு, உமிக்கரி எல்லாம் வைத்துத் தேய்த்து ஈறைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் உண்டு. கறை போகாது. ஏன் போகாது என்பதைக் கீழே பார்ப்போம். அதற்கு முன், இந்தப் புள்ளிக்குத் தண்ணீர்தான் காரணம் என்று மனிதகுலம் எப்படிக் கண்டுபிடித்தது என்கிற கதையைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் இழுத்த கதை. நான் சாஃப்ட்வேரில் இருப்பவன். ஒரு பிழையை மூன்று நாள் துரத்தினாலே எங்களுக்கு அலுத்துவிடும். இந்த மனிதர் முப்பது வருஷம் துரத்தியிருக்கிறார்.

அவர் பெயர் ஃப்ரெடரிக் மெக்கே. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்துவிட்டு 1901-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலையடிவார ஊரில் போய்க் கடை போட்டார். வந்த நோயாளிகளில் அந்த ஊரிலேயே பிறந்தவர்கள் பலருக்குப் பல்லில் வெள்ளைத் திட்டு, பழுப்புக் கறை. படித்த புத்தகம் எதிலும் இது இல்லை. உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் பன்றிக்கறி அதிகம் தின்பதால், மட்டமான பாலால், தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நம்ம ஊர்க் காரணப் பட்டியலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மற்ற பல் மருத்துவர்களுக்கு இதில் ஆர்வமே இல்லை. "கொலராடோ பழுப்புக் கறை" என்று பெயர் வைத்துவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினம் பார்க்கும் விஷயம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

அதே 1901-ல் கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் இதையே பார்த்திருந்தார். அமெரிக்கா போகும் இத்தாலியர்களைக் கப்பல் ஏறும் முன் பரிசோதிக்க நேப்பிள்ஸில் இருந்த அமெரிக்க மருத்துவ அதிகாரி ஜே.எம். ஈகர். நேப்பிள்ஸைச் சுற்றிய எரிமலை மண்ணில் வளர்ந்தவர்களுக்குப் பல்லில் கறுப்பும் பழுப்புமாகக் கறை இருப்பதைக் குறிப்பெழுதி அனுப்பினார். அங்கே அதற்கு "கியாயே பற்கள்" என்று பெயர். அந்தக் குறிப்பு அச்சிலும் வந்தது. இரண்டு இடம், ஒரே வருஷம், ஒரே கறை. ஆனால் இரண்டையும் முடிச்சுப் போட ஆள் இல்லை.

மெக்கே தனி ஆளாக மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, அன்றைய அமெரிக்கப் பல் மருத்துவத்தின் பிதாமகர் ஜி.வி. பிளாக்குக்குக் கடிதம் எழுதினார். பிளாக்குக்கு முதலில் நம்பிக்கை இல்லை. இவ்வளவு பரவலான ஒரு கோளாறு பல் மருத்துவ நூல்களில் இல்லாமல் இருக்குமா என்ற சந்தேகம் நியாயமானதுதான். உள்ளூர்ப் பல் மருத்துவர் சங்கம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அந்த ஊரிலேயே பிறந்த பிள்ளைகளில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேருக்கு அறிகுறி இருந்தது. 1909-ல் பிளாக் நேரில் வந்தார், பார்த்து அதிர்ந்துபோனார். 1915-ல் அவர் சாகும்வரை இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள்.

இந்தக் காலத்தில் அவர்கள் கண்டுபிடித்தது இரண்டு விஷயம். ஒன்று: நிரந்தரப் பல் ஏற்கெனவே உருவாகி முடிந்தபின் இந்த ஊருக்குக் குடிவந்தவர்களுக்குக் கறை வருவதே இல்லை. இங்கேயே பிறந்தவர்களுக்கும், கைக்குழந்தையாக வந்தவர்களுக்கும்தான் வருகிறது. அப்படியானால் இது பல்லின் மேல் படியும் அழுக்கு இல்லை. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும்போதே உள்ளே நடக்கும் கோளாறு. இரண்டாவது விஷயம் விசித்திரமானது. கறை பிடித்த இந்தப் பற்கள் சொத்தையாவது ரொம்பக் குறைவு. மெக்கேவுக்கே இது புரியவில்லை. எனாமல் சரியாகக் கெட்டிப்படாத பல் சீக்கிரம் சொத்தையாக வேண்டும் என்பதுதானே தர்க்கம்?

மெக்கே தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டார். ஆனால் நிரூபிக்க ஆதாரம் இல்லை. 1923-ல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சின்ன ஊரிலிருந்து தகவல் வந்தது. பிள்ளைகளுக்குப் பல்லில் கறை. எப்போதிலிருந்து என்று கேட்டால் பெற்றோர்கள் சரியாகச் சொல்லிவிட்டார்கள்: ஐந்து மைல் தள்ளியுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான். மெக்கே அந்தத் தண்ணீரைச் சோதித்தார். சந்தேகப்பட எதுவும் இல்லை. இருந்தாலும் அந்தக் குழாயைக் கைவிட்டுப் பக்கத்தில் இருக்கும் வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். ஊரும் கேட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். "காரணம் தெரியாது, சோதனையில் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் குழாயை விட்டுவிடுங்கள்" என்று ஒரு வெளியூர் டாக்டர் சொல்ல, செலவு பண்ணிப் போட்ட குழாயை ஒரு ஊரே விட்டிருக்கிறது. சில வருஷத்தில் அடுத்து வந்த சின்னப் பிள்ளைகளுக்கு நிரந்தரப் பல் சுத்தமாக முளைத்தது.

அடுத்தது ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பாக்ஸைட். பெயரே ஊரின் கதையைச் சொல்லிவிடும். அலுமினியத் தாது தோண்டும் அல்கோவா கம்பெனியின் ஊர். இங்கே பிள்ளைகளுக்குக் கறை. ஐந்தே மைல் தள்ளி இருக்கும் இன்னொரு ஊரில் ஒருத்தருக்கும் இல்லை. அரசாங்கப் பொதுச் சுகாதாரத் துறையின் டாக்டர் கெம்ப்பும் மெக்கேவும் சேர்ந்து போய்ப் பார்த்தார்கள். மறுபடியும் தண்ணீர்ச் சோதனை. மறுபடியும் ஒன்றும் இல்லை.

இந்த "ஒன்றும் இல்லை"தான் என்னைப் பொறுத்தவரை முழுக் கதையின் மையம். சோதனை தப்பு இல்லை. சுண்ணாம்பு, இரும்பு, உப்பு என்று பட்டியலில் இருந்ததை எல்லாம் சரியாகத்தான் அளந்தார்கள். பட்டியலில் இல்லாததை யாரும் தேடவில்லை. எங்கள் தொழிலில் லாக் ஃபைல் என்று ஒன்று உண்டு. நிரல் ஓடும்போது என்ன நடக்கிறது என்று எழுதி வைக்கும் நாட்குறிப்பு. எதைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறோமோ அதுதான் அதில் இருக்கும். "லாக்ல ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிப் பிழையை மூடிவிட்டவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்.

பாக்ஸைட் அறிக்கை கடைசியில் அல்கோவாவின் தலைமை வேதியியலாளர் எச்.வி. சர்ச்சில் மேசைக்கு வந்தது. அவருக்குப் பல்லைப் பற்றிய கவலை இல்லை, கம்பெனியைப் பற்றிய கவலை. அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் விஷம் என்று அப்போது ஒரு பிரசாரம் ஓடிக்கொண்டிருந்தது. அலுமினிய ஊரில் பிள்ளைகள் பல் கெடுகிறது என்ற செய்தி பரவினால் எதிராளிகளுக்கு அல்வா கிடைத்த மாதிரி. எனவே பாக்ஸைட் தண்ணீரைச் சாதாரணச் சோதனைக்கு அனுப்பாமல், எந்தத் தனிமம் இருந்தாலும் அதன் ஒளிக்கோட்டைக் காட்டிவிடும் நிறமாலைச் சோதனைக்கு அனுப்பினார். வந்த முடிவில் ஃபுளோரைடு. குடிதண்ணீரில் ஃபுளோரைடா என்று சர்ச்சில் நம்பவில்லை; மாதிரி கெட்டுப்போயிருக்கும், புதிதாகக் கொண்டுவந்து திரும்பச் செய் என்றார். திரும்பவும் அதே முடிவு. அளவு 13.7 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 13.7 மில்லிகிராம். 1931 ஜனவரியில் மெக்கேவுக்குக் கடிதம் போட்டு, உங்களுக்குத் தெரிந்த கறை ஊர்களின் தண்ணீரை எல்லாம் அனுப்புங்கள் என்றார். மெக்கே அனுப்பினார். எல்லாவற்றிலும் ஃபுளோரைடு.

அதே 1931-ல் அரிசோனாவில் மார்கரெட் ஸ்மித்தும் எச்.வி. ஸ்மித்தும் செயின்ட் டேவிட் என்ற கறை ஊரின் தண்ணீரைக் காய்ச்சிச் சுண்டவைத்து எலிகளுக்குக் கொடுத்து, எலிப் பல்லிலும் அதே மாற்றத்தை வரவைத்துக் காட்டினார்கள். வட ஆப்பிரிக்காவில் மொராக்கோவிலும் அதே வருஷம் வெலு என்பவர் கால்நடைகளின் பல் நோய்க்கு ஃபுளோரைடுதான் காரணம் என்று சொன்னார். முப்பது வருஷம் யாருக்கும் கிடைக்காத விடை ஒரே வருஷத்தில் மூன்று பேருக்குக் கிடைத்தது.

சரி, பல்லுக்குள் என்னதான் நடக்கிறது?

எனாமல் என்பது உடம்பிலேயே கெட்டியான பொருள். அதை உருவாக்கும் செல்கள் முதலில் புரதத்தால் ஒரு சாரம் கட்டுகின்றன. பிறகு அந்தப் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றி, அந்த இடத்தில் தாது உப்பை நிரப்புகின்றன. கட்டடத்துக்குச் சாரம் கட்டிப் பிறகு பிரிப்பது போல. ஃபுளோரைடு அதிகமானால் சாரம் பிரிக்கும் வேலை தாமதமாகிறது. நிரம்ப வேண்டிய இடத்தில் நுண்ணிய துளைகள் மிச்சமாகின்றன. மேல்பரப்பு ஓரளவு கெட்டியாகிவிடும். அதற்குக் கீழே பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு தங்கிவிடும். ஐஸ்கட்டி கண்ணாடி மாதிரி இருக்கிறது, அதையே சீவினால் பால்வெள்ளை ஆகிறது இல்லையா? இடையில் காற்று புகுந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான். பல்லில் தெரியும் வெள்ளையும் அதேதான். அது ஒரு நிறமே இல்லை, துளைகளின் அடையாளம். அதனால்தான் வாயைத் திறந்து தூங்கி எழுந்த காலையில் புள்ளி பளிச்சென்று தெரியும், வாய் ஈரமானதும் கொஞ்சம் மங்கும். பழுப்பு மட்டும் பிறகு வருவது. பல் முளைத்தபின் உணவு, பானத்தில் உள்ள சாயங்கள் அந்தத் துளைகளில் ஊறி ஏறுகின்றன. செங்கல் தூள் எட்ட முடியாத இடத்தில் பிரச்சினை இருக்கிறது என்பது இப்போது புரியும்.

முன்பல்லுக்கு ஆபத்தான காலம் தோராயமாக ஒன்றேகால் வயதிலிருந்து இரண்டரை வயது வரை. எட்டு வயதுக்குள் ஞானப்பல் தவிர மற்ற பல்லின் எனாமல் எல்லாம் முடிந்துவிடும். அதன்பிறகு எவ்வளவு ஃபுளோரைடு தண்ணீர் குடித்தாலும் பல்லில் புது வெள்ளைப் புள்ளி விழாது. எலும்பு வேறு கதை, அதற்கு வருகிறேன். எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால் திருத்தி எழுத வழியும் இல்லை. ஒரு தடவை எழுதினால் எழுதினதுதான். என் முன்பல் இரண்டிலும் மேகம் மாதிரி வெண்திட்டு உண்டு. நான் இரண்டு வயதில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தேன் என்பதற்கு இன்றைக்கும் இருக்கிற ஒரே ஆவணம் அதுதான். கல்லூரிக் காலத்தில் ஒரு பல் மருத்துவர் "ஒழுங்கா பிரஷ் பண்றதில்லையா தம்பி" என்று கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மெக்கே, பிளாக் கதை முடிந்து எழுபது வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்த சமயம் அது.

இன்னொன்றும் சொல்லணும். வெள்ளைப் புள்ளி எல்லாமே ஃபுளோரோசிஸ் இல்லை. சொத்தை ஆரம்பிக்கும்போது ஈறை ஒட்டி வெள்ளைத் திட்டு வரும். கிளிப் போட்டுக் கழற்றினவர்களுக்குக் கிளிப் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி வரும். குழந்தையில் பால்பல்லில் அடிபட்டிருந்தால் கீழே இருந்த நிரந்தரப் பல்லில் ஒற்றைப் புள்ளி விழலாம். ஃபுளோரோசிஸ் பெரும்பாலும் ஜோடியாக வரும்: இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் ஏறக்குறைய அப்படி. ஒரே வயதில் உருவான பற்கள் ஒரே மாதிரி பாதிக்கப்படும் என்பதுதான் காரணம்.

இப்போது மெட்ராஸுக்கு வருவோம். இந்தியாவில் இந்த நோய் மனிதர்களிடம் முதன்முதலில் முறையாக விவரிக்கப்பட்டது மெட்ராஸ் மாகாணத்தில். 1937-ல் ஷார்ட், மெக்ராபர்ட், பர்னார்ட், மன்னாடி நாயர் ஆகிய நால்வர் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதிய கட்டுரை அது. களம் அன்றைய நெல்லூர் மாவட்டம். பொதிலி, தர்சி, கனிகிரி பக்கம். பின்னாளில் பிரகாசம் மாவட்டத்துக்குள் போன வறண்ட ஊர்கள். அங்கே விவசாயிகள் முதலில் கவனித்தது தங்கள் பல்லை அல்ல, மாட்டை என்று சொல்வார்கள். உழவு மாடுகள் மூட்டு பிடித்து நடக்க முடியாமல் நின்றுவிட்டன. பிறகுதான் மனிதர்களிடமும் அதே பிடிப்பு கவனத்துக்கு வந்தது.

அமெரிக்கர்கள் பல்லில் நின்றார்கள். மெட்ராஸ் குழு எலும்புக்குப் போனது. பிள்ளைகளுக்குப் பல்லில் கறை. அதே ஊர்ப் பெரியவர்களுக்கு முதுகெலும்பு பலகை மாதிரி விறைத்து, கழுத்தைத் திருப்ப முடியாமல், கடைசியில் கூன் விழுந்து முடங்கும் நிலை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பு அடர்த்தியாகி, தசைநார்களில் கூடச் சுண்ணாம்பு படிந்திருந்தது. பல்லில் தெரியும் புள்ளி முன்னறிவிப்பு, எலும்பில் வருவது பின்னால் வரும் தண்டனை. தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் எலும்பு அதைச் சேர்த்துக்கொண்டே போகும்.

அந்த நால்வரில் இரண்டு பேரைப் பற்றி ஒரு வார்த்தை. எச்.ஈ. ஷார்ட் அப்போது கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இருந்தார். அம்மைத் தடுப்பு மருந்துக்காக 1899-ல் ஆரம்பித்த அதே நிறுவனம். இந்த ஷார்ட்தான் பிறகு இங்கிலாந்து போய், 1948-ல் கார்ன்ஹாமுடன் சேர்ந்து மலேரியாக் கிருமி ரத்தத்துக்கு வரும் முன் கல்லீரலில் ஒளிந்து வளர்கிறது என்று காட்டியவர். அவர் பெயரைத் தேடினால் மலேரியாதான் வரும், நெல்லூர் வராது. பர்னார்ட் பெயரில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் கதிரியக்க நிறுவனமே இருக்கிறது. அங்கே ஸ்கேனுக்கு வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியும்? 1940-ல் சி.ஜி. பண்டிட், ராகவாச்சாரி முதலியோர் அடுத்த பெரிய கட்டுரையைக் கொண்டுவந்தார்கள். தென்னிந்தியாவில் பிள்ளைகளின் பல் கறைக்கும் பெரியவர்களின் எலும்பு பாதிப்புக்கும் தண்ணீரோடு வேறு என்னென்ன காரணிகள் சேர்கின்றன என்பது அதன் கேள்வி. அதாவது சுதந்திரத்துக்கு முன்பே, காரணமும் தெரியும், நோயின் கடைசிக் கட்டமும் தெரியும். இது எனக்குக் கொஞ்சம் கோபம் வரவைக்கிற இடம்.

ஏனென்றால் அதற்குப் பிறகுதான் நாம் ஆழ்குழாய்க் கிணறு தோண்ட ஆரம்பித்தோம். அதற்கு நல்ல காரணம் இருந்தது. திறந்த கிணறு, குளத்துத் தண்ணீரில் காலரா, வயிற்றுப்போக்கு. கைப்பம்புத் தண்ணீர் கிருமி இல்லாத தண்ணீர். வறட்சிக் காலங்களில் உயிரைக் காப்பாற்றிய தண்ணீரும் அதுதான். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதியின் அடியில் இருப்பது பழங்காலத்துக் கடும்பாறை. அதில் உள்ள அபடைட், ஹார்ன்பிளெண்டு, கருமைக்கா போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. பாறை இடுக்கில் நீண்டகாலம் தங்கிய, காரத்தன்மை உள்ள, சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீரில் அது நன்றாகக் கரைகிறது. மழைத் தண்ணீர் ஊறிய மேல்மட்டக் கிணற்றைவிட ஆழத்தில் தேங்கியதில் அதிகமாக இருப்பது சகஜம். கொலராடோவிலும் கதை இதுதான். பைக்ஸ் பீக் மலையின் கிரானைட்டிலிருந்து இறங்கி வந்த ஃபுளோரைடு. நிறமில்லை, மணமில்லை, ருசியில் ஒன்றும் தெரியாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் ஆவியாகி மிச்சத்தில் செறிவு கூடத்தான் செய்யும்.

எவ்வளவு இருந்தால் அதிகம் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1931-க்குப் பிறகு அமெரிக்க அரசு டிரெண்ட்லி டீன் என்ற பல் மருத்துவரை இந்த வேலையில் இறக்கியது. சாதாரணம், சந்தேகம், மிக லேசு, லேசு, நடுத்தரம், கடுமை என்று அவர் வகுத்த படிநிலையைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். பல்லின் பரப்பில் கால்வாசிக்குள் வெள்ளை என்றால் மிக லேசு, பாதிக்குள் என்றால் லேசு. ஊர் ஊராகத் தண்ணீரையும் பல்லையும் ஒப்பிட்டு, 1 பிபிஎம் வரை போனால் பெரும்பாலோருக்குக் கண்ணில் படும் கறை வருவதில்லை என்று கண்டார். கூடவே மெக்கேவைக் குழப்பிய அந்தச் சொத்தை விஷயமும் தெளிவானது. குறைந்த அளவு ஃபுளோரைடு பல்லைக் காக்கிறது. 1945 ஜனவரி 25 அன்று மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம், உலகிலேயே முதலாவதாகக் குடிநீரில் ஃபுளோரைடைக் கலக்க ஆரம்பித்தது. கறையைத் துரத்திப் போனவர்கள் பற்பசையில் வந்து நின்றார்கள் என்று சொல்லலாம்.

இங்கே நமக்கு ஒரு சிக்கல். டீனின் 1 பிபிஎம் குளிர்பிரதேச ஊர்களில் கிடைத்த எண். வெயில் ஊரில் பிள்ளைகள் அதிகம் தண்ணீர் குடிப்பார்கள். அதே செறிவில் வயிற்றுக்குள் போகும் அளவு கூடும். இதை அமெரிக்கர்களே 1950-களில் கணக்குப் போட்டு, 1962-ல் ஊரின் வெப்பத்துக்கு ஏற்ப 0.7 முதல் 1.2 வரை என்று மாற்றினார்கள். 2015-ல் நாடு முழுவதுக்கும் 0.7 என்று இறக்கினார்கள். அங்கே தண்ணீரோடு பற்பசையும் சேர்ந்துகொண்டதில், 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் ஃபுளோரோசிஸ் 1986-87-ல் 22.6 சதவீதமாக இருந்தது 1999-2004-ல் 40.7 சதவீதமானது, பெரும்பாலும் மிக லேசான வகைதான். இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1 மில்லிகிராம்; வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை. உலக சுகாதார நிறுவனமும் 1.5 என்கிறது. தருமபுரி வெயிலில் வெளியே ஓடி விளையாடும் பிள்ளைக்கு 1.5 என்பது தாராளமான எண் என்பது என் அபிப்பிராயம். நம்ம பக்கத்து ஆழ்குழாய்களில் அதையும் தாண்டியவை நிறைய.

தீர்வுகளும் வராமல் இல்லை. நாக்பூர் நீரி நிறுவனம் 1970-களில் கொண்டுவந்த நல்கொண்டா முறை எளிமையானது. படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் சேர்த்துக் கலக்கித் தெளியவைப்பது. தினமும் சரியான அளவு போட ஒரு ஆள் வேண்டும், அடியில் தங்கும் கசடைக் கொட்ட ஒரு இடம் வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் நின்றுபோவதுதான் இந்த மாதிரி ஏற்பாடுகளின் தலைவிதி. பெரிய தீர்வு தண்ணீரையே மாற்றுவது, ஓக்லியில் செய்த மாதிரி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு என்று உண்டு. ஜப்பான் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல், 2013-ல் திறப்பு. 2008-ல் நடந்த ரகளை ஞாபகம் இருக்கும்: கர்நாடகத்தில் எதிர்ப்பு, சென்னையில் சினிமாக்காரர்கள் உண்ணாவிரதம். காவிரி, உரிமை, மொழி எல்லாம் பேசப்பட்டது. பிள்ளைகளின் பல் பற்றியும் கிழவர்களின் முதுகு பற்றியும்தான் பேச்சு குறைவு.

ஏற்கெனவே புள்ளி விழுந்தவர்கள் என்ன செய்யலாம்? லேசான வெள்ளையாக இருந்தால் மருத்துவ ரீதியாக ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. பல் பலவீனம் இல்லை, சொத்தைக்குப் பயப்பட வேண்டாம். மனசுக்கு உறுத்தினால் வழிகள் உண்டு. மேல்பரப்பை அமிலமும் தேய்ப்புப் பொடியும் வைத்து மிக மெல்லியதாகச் சீவி எடுப்பது ஒன்று. பழுப்புக்கு நன்றாகக் கேட்கும். துளைகளுக்குள் ரெசினை ஊறவிடுவது இன்னொன்று. துளையில் காற்றுக்குப் பதில் எனாமலை ஒத்த பொருள் நிரம்பினால் வெளிச்சம் சிதறாது, வெள்ளை மங்கிவிடும். பிளீச்சிங் செய்தால் சுற்றியுள்ள பல்லும் வெளுத்துப் புள்ளி தனித்துத் தெரிவது குறையும், ஆனால் முதல் சில நாள் புள்ளி இன்னும் பளிச்சென்று தெரியும்; பயந்துவிட வேண்டாம். குழி விழுந்த கடுமையான வகைக்குத்தான் மேல்பூச்சு, உறை எல்லாம். எதுவானாலும் முதலில் எந்த வகைப் புள்ளி என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டில் எலுமிச்சம்பழம், சமையல் சோடா வைத்துத் தேய்ப்பது நல்ல எனாமலையும் சேர்த்துத் தேய்க்கும் வேலை.

சின்னக் குழந்தை வீட்டில் இருந்தால் செய்ய வேண்டியது வேறு. குடிக்கும் தண்ணீரை மட்டும் இல்லை, சோறு வடிக்கும், பால்பவுடர் கரைக்கும் தண்ணீரையும் பார்க்கணும். காவிரித் தண்ணீர் குடிக்கத் தனியாகக் குடத்தில் பிடித்து வைத்துவிட்டு, உலை மட்டும் போர் தண்ணீரில் வைக்கும் வீடுகள் எங்கள் பக்கம் இன்னும் உண்டு, பருப்பு நன்றாக வேகுது என்பார்கள். பற்பசை மூன்று வயதுவரை அரிசி அளவு, பிறகு பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் வருகிற மாதிரி பிரஷ் முழுக்கச் சுருள் வேண்டாம். போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். கொடுக்கும்போது ஃபுளோரைடு பார்க்கணும் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

2013-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு முன்பற்கள் வர ஆரம்பித்துச் சில வருஷம் ஆகிறது. குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வரும் ஊரில் அண்ணன் பல்லையும் தங்கை பல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், ஓக்லியில் பார்த்த மாதிரி. நம்ம ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், ஆறாம் வகுப்பு வரிசையில் ஒரு நாள் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம். பிறந்த வருஷம், வீட்டில் சமைப்பது எந்தத் தண்ணீரில், புள்ளி உண்டா இல்லையா, இந்த மூன்று போதும்.